கப்பலில் போய் வந்தோம்: கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பதில்



போன மாதம் நானும் என் துணைவியாரும் கப்பலின் மேல்தளத்தில் நின்று எடுத்த நான்கு படங்களைப் போட்டாலும் போட்டேன், இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. “சார், சூப்பர்”, “மாமா, கலக்குறீங்க” என்று பாதிப் பேர். மீதிப் பேர் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். 1994இல் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒருவன் (இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான், அன்று பின்னக் கணக்கு என்றாலே வயிற்றுவலி வந்துவிடும் அவனுக்கு) இப்படி எழுதியிருந்தான்: “சார், அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வருது. அம்மா அப்பாவை இந்த மாதிரி கப்பல்ல அனுப்பலாமா? குடுக்குற காசுக்குத் தகுந்த மாதிரி இருக்கா? உண்மையைச் சொல்லுங்க சார்.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஏனென்றால் பயணத்துக்குப் பணம் கட்டிய என் மகனிடமே நான் உண்மையைச் சொல்லவில்லை.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் கல்யாணத்துக்கு நாற்பது வருடம் ஆனதற்கு சிங்கப்பூரில் இருக்கும் மகன் செய்த ஏற்பாடு இது. புதிதாகத் தொடங்கிய ஒரு சொகுசுக் கப்பல் கம்பெனி. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நல்லதாகச் சொன்னால் விளம்பரம், குறை சொன்னால் வம்பு. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி பினாங்கு போய் சிங்கப்பூருக்கே திரும்பும் மூன்று இரவுப் பயணம். மகன் அனுப்பிய விளம்பரப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் ‘சொகுசு’ இருந்தது. சொகுசு அறை, சொகுசு உணவு, சொகுசான வரவேற்பு. கட்டுரை நோட்டில் ஒரே சொல்லைப் பத்து தடவை எழுதினால் நான் சிவப்பு மையில் சுழிப்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

எனக்குச் சொகுசு மேல் ஆசை இல்லை. சரி என்று சொன்னது ‘பினாங்கு’ என்ற ஒரு சொல்லுக்காக.

என் அப்பா 1951இல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். நாகை, காரைக்கால், திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் வயதானவர்களைக் கேட்டால் ரஜூலா என்ற பெயரை இன்றும் சொல்வார்கள். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் அந்தத் தடத்தில் ஓடியது. அது 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தும் நின்றுபோனது.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்க ஆழம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். அலையில் படகும் கப்பலும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கும் நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டுமாம். அப்பா வாங்கியது டெக் டிக்கெட். அறை கிடையாது, கட்டில் கிடையாது, பாயை விரித்த இடம் நம்முடையது. ஒரு தகரப்பெட்டி, ஒரு ஜமுக்காளம், பாட்டி கட்டிக்கொடுத்த புளிச்சோறு. அதிலும் முதல் நாள் அலையில் ஒரு பிடிகூட வயிற்றில் தங்கவில்லை என்பார். பினாங்கில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பதினாறு வருடம் கணக்கு எழுதினார். அந்தத் தெருவை நம் ஆட்கள் கடைத்தெரு என்றுதான் சொல்வார்களாம். நடுவில் மூன்று முறை ஊருக்கு வந்து போனார். நாங்கள் மூன்று பிள்ளைகள், கணக்கு சரியாக இருக்கிறது. 1967இல் அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு எட்டு வயது.

“குயின் ஸ்ட்ரீட் முனையிலேருந்து நாலாவது கடை” என்பார். கடைக்கு முன்னால் தூண் வைத்த நடைபாதைக்கு அங்கே அஞ்சடி என்று பெயர். ராத்திரி அங்கேதான் படுக்கை. இதையெல்லாம் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அவரைத் திரும்ப ஒரு தடவை அங்கே கூட்டிப்போக என் சம்பளத்தில் முடியவில்லை. 1998இல் காலமாகிவிட்டார்.

ஆகவே கப்பல் கம்பெனி என்னிடமிருந்து எதிர்பார்த்தது ஒன்று, நான் கப்பலிடம் எதிர்பார்த்தது ஒன்று. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மரீனா பே முனையத்தில் ஏறினோம். இரண்டு மணி நேர வரிசை. என் துணைவியாருக்கு முழங்கால் வலி என்று மகன் முன்கூட்டியே எழுதியிருந்ததால் சக்கர நாற்காலி கேட்காமலே வந்தது. பால்கனி அறை என்று போட்டிருந்தார்கள். பால்கனியும் இருந்தது. திரையை விலக்கினால் கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் உயிர்காப்புப் படகு, ஜன்னல் அகலத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் படகுக்கு மேலே ஒரு முழம் வானம், கீழே ஒரு முழம் கடல். பிறகு மகனின் ரசீதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ‘காட்சி ஓரளவு மறைக்கப்படலாம்’ என்று பொடி எழுத்தில் இருந்தது. பொய் சொல்லவில்லை, பொடியாகச் சொல்லியிருக்கிறார்கள். “படகு பக்கத்துலயே இருக்குறது நல்லதுதானே” என்றார் என் துணைவியார். அவர் எப்போதும் அப்படித்தான்.

கம்பெனிதான் புதிது, கப்பல் புதிதில்லை. அதை நான் மணியில் கண்டுபிடித்தேன். முகப்புக் கூடத்தில் பித்தளையில் ஒரு கப்பல் மணியை அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள். அதில் வேறொரு பெயரும் பழைய வருடமும் பொறித்திருந்தன. விற்று வாங்கிய கப்பல்களுக்குப் பெயர் மாற்றிப் புது வண்ணம் அடித்து, புது மெத்தை போட்டு ஓட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம்தானாம். குற்றமில்லை. நம் பள்ளிக்கூடத்துக்கும் ஆய்வு வரும்போதெல்லாம் வெள்ளையடித்திருக்கிறோம். ஆனால் குளியலறைக் குழாயைத் திறந்தபோது முதலில் வந்த சிவப்புத் தண்ணீருக்கு அந்த மணி விளக்கம் சொல்லிவிட்டது.

கிளம்புவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி. ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுகிறார்கள். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பலருக்கு இந்தப் பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்பாகவோ கிளம்பிய உடனேயோ நடத்தியே ஆக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். இவ்வளவு முக்கியமான விஷயத்தை ஒரு சின்னப் பெண் தொண்டை வறள விளக்கிக்கொண்டிருக்கிறாள், எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முப்பத்தாறு வருடப் பழக்கம், என்னையறியாமல் கையைத் தட்டி “சைலன்ஸ்!” என்று சொல்லிவிட்டேன். உடனே அமைதியானது. அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். என் துணைவியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொன்னால் வாய் புழுத்துப் போகும். சைவத்துக்குத் தனி வரிசை, சாம்பார், சப்பாத்தி, தயிர்சாதம், ஏழெட்டு வகைப் பழம். காப்பி மட்டும் காப்பி இல்லை. அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் இந்தோனேசியாவில் சுராபாயாக்காரன். முதல் நாள் என் துணைவியார் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலே காலுக்கு வைத்துக்கொள்ள இன்னொரு தலையணை கொண்டு வந்தான். துண்டை மடித்து யானை செய்து கட்டிலில் வைத்தான். பினாங்குக்கு எத்தனை தடவை போயிருப்பாய் என்று கேட்டேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முப்பதுக்கு மேல் என்றான். இறங்கிப் பார்த்தது நான்கு தடவை. மற்ற நேரமெல்லாம் வேலை.

இனி அந்த இரண்டாம் நாள்.

மதியம் ஒரு மணிக்குப் பினாங்கு என்று அட்டவணையில் இருந்தது. காலையிலேயே நான் சட்டை போட்டுத் தயார். பையில் அப்பாவின் பழைய படம், தண்ணீர் பாட்டில், முழங்கால் தைலம். பதினொரு மணிக்கு அறிவிப்பு வந்தது: துறைமுகத்தில் இடம் கிடைக்கத் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு மறுபடி அதே அறிவிப்பு. தீவின் மலை கண்ணுக்குத் தெரிகிறது, கட்டடங்கள் தெரிகின்றன, கப்பல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான்கு மணிக்குத்தான் ஸ்வெட்டன்ஹாம் துறையில் கட்டினார்கள். அதற்குப் பிறகு தளம் தளமாக இறக்கினார்கள். எங்கள் கால் தரையில் பட்டபோது ஐந்து. திரும்பி ஏறக் கடைசி நேரம் ஆறரை. கிளம்பும் நேரத்தைத் தள்ளிவைக்கவில்லை.

இதைப் போய்க் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. டிக்கெட் ஒப்பந்தத்தில், துறைமுகத்தையும் நேரத்தையும் மாற்றவும் ஒரு துறைமுகத்தை விட்டுவிடவும் கம்பெனிக்கு உரிமை உண்டு என்று எழுதியிருக்கிறது. இவர்கள் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எல்லோருமே அப்படித்தான் எழுதி வைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பானத்துக்கான கூப்பன் கொடுத்தார்கள். நான் தர்பூசணி ஜூஸ் வாங்கிக்கொண்டேன்.

துறையை விட்டு வெளியே வந்தால் கொஞ்ச தூரத்தில் விக்டோரியா மணிக்கூண்டு. ராணியின் அறுபதாண்டு ஆட்சிக்காக, வருடத்துக்கு ஓர் அடி என்று அறுபது அடி உயரத்தில் கட்டியது. அதுவரை வந்ததும் என் துணைவியார் நின்றுவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது.

“என்னங்க, நான் இங்க உக்காந்திருக்கேன். நீங்க போயிட்டு வாங்க.”

“வேணாம். சேர்ந்தே திரும்பிடுவோம்.”

“நாற்பது வருஷமா மாமா கதையை நானும்தான் கேக்குறேன். போய்ப் பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லுங்க.”

தெரியாத ஊரில் அவரைத் தனியாக உட்கார வைத்துவிட்டுப் போனேன். அது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. பீச் ஸ்ட்ரீட்டில் ஓட்டமும் நடையுமாகப் போய் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் திரும்பினேன். திரும்பியதும் மல்லிகைப்பூ வாசனை, மசாலா வாசனை, கடைக்குக் கடை சினிமாப் பாட்டு. பலகைகளில் தமிழ். அப்பா சொன்ன அஞ்சடி அப்படியே இருக்கிறது, தூணும் நிழலுமாக. குயின் ஸ்ட்ரீட் முனைக்கு வந்தேன். அந்தத் தெருவில்தான் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயில். நின்ற இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அப்போதுதான் உறைத்தது. இடது பக்கம் நாலாவதா, வலது பக்கம் நாலாவதா? கிழக்கே எண்ண வேண்டுமா, மேற்கேயா? அப்பா சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு முப்பத்தாறு வருடம் திசை சொல்லிக் கொடுத்தவன் நான்.

நான்கு கடைகளிலும் பார்த்தேன். ஒன்று கைப்பேசிக் கடை, ஒன்று பாத்திரக் கடை, இரண்டு துணிக்கடை. துணிக்கடைகளில் இருந்தவர்கள் இளம் பிள்ளைகள், “தெரியலைங்க ஐயா” என்றார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் அப்பாவின் படத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “எனக்குத் தெரியாதுங்க. பழைய கடைக்காரங்களையெல்லாம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் இருக்காரு. தினம் ஏழு மணிக்குக் கோயிலுக்கு வருவாரு. இருந்து பாத்துட்டுப் போங்களேன்.”

மணியைப் பார்த்தேன். ஐந்து ஐம்பது.

ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்பினேன். என் துணைவியார் மணிக்கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை, பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஏழு மணிக்குக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன், ஊர் பின்னால் போய்க்கொண்டிருந்தது. நான் போட்ட படங்களில் மூன்றாவது அப்போது எடுத்ததுதான். சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்று எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள்.

அன்று இரவு எங்கள் மேஜையில் ஒரு குஜராத்திக் குடும்பம். மூன்று தலைமுறை, பதினொரு பேர். பினாங்கு எப்படி இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர்கள் இறங்கவே இல்லையாம். “எதுக்கு அங்கிள் இறங்கணும்? எல்லாமே இங்கயே இருக்கே” என்றது ஒரு பெண். பாட்டி பேத்திகளோடு சீட்டாடினாராம், பிள்ளைகள் நீச்சல் குளத்தில், ஆண்கள் சூதாட்ட அறையில். வீட்டில் ஆளுக்கொரு பக்கம் ஓடும் எங்கள் குடும்பம் மூன்று நாள் சேர்ந்து சாப்பிடுகிறது, இதைவிட என்ன வேண்டும் என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. கப்பல் மூன்று மணி நேரம் தாமதமானதே அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் சொன்னதும் உண்மைதான். அதே கப்பல்தான், அதே நாள்தான்.

கடைசி இரவு கதவுக்கு அடியில் பில் வந்தது. சேவைக் கட்டணம் என்று ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நூறு சிங்கப்பூர் டாலருக்கு மேல். வைஃபைக்குத் தனி. இந்தச் சேவைக் கட்டணம் பெரும்பாலான கப்பல்களில் உண்டாம், டிக்கெட் போடும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் சுராபாயாப் பையனுக்கு நான் தனியாகவும் கொடுத்திருந்தேன். கொடுத்ததில் வருத்தமில்லை.

இறங்கியதும் மகன் காத்திருந்தான். “எப்படிப்பா இருந்துச்சு?” அவன் முகத்தில் இருந்த ஆவலைப் பார்த்து, “ஜோரா இருந்துச்சுப்பா, ஒரு குறையும் இல்ல” என்றேன். என் துணைவியார் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

திருப்பூர்த் தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் அப்பா அம்மா தனியாகப் போவதென்றால் அனுப்பாதே. நீ, உன் மனைவி, பிள்ளைகள், தங்கை குடும்பம் எல்லோரும் சேர்ந்து போவதென்றால் தாராளமாகப் போங்கள். அம்மா மூன்று நாள் அடுப்படிப் பக்கம் போக வேண்டாம், அதுவே அறுபதாம் கல்யாணப் பரிசு. கப்பலில் இருப்பதற்காகப் போனால் கொடுத்த காசு வீணில்லை. ஓர் ஊரைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் ஏறாதே, ஊர் அவர்களுக்கு இடையில் வரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். சிங்கப்பூர் விசா ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்கட்டும், கப்பலில் வெளியே போய்த் திரும்பி வருகிறோம் அல்லவா? மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள், கப்பல் டாக்டர் கட்டணம் தலையைச் சுற்றும். பால்கனி என்றால் எந்தத் தளம், எதிரே படகு இருக்கிறதா என்று வரைபடத்தைப் பார்த்து அறை எடு. மாத்திரைகளைக் கைப்பையில் வை, பெட்டி அறைக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும்.

என் மகனும் இதைப் படிப்பான். தம்பி, நீ செய்ததில் ஒரு குறையும் இல்லை. உன்னிடம் நான் கப்பலைப் பற்றிச் சொன்னேன், தாத்தாவின் கடையைப் பற்றிச் சொல்லவில்லை. போவதற்கு முன்பே சொல்லியிருந்தால் நீ வேறு மாதிரி ஏற்பாடு செய்திருப்பாய். சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தானாம், பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துச் சொன்னான். அம்மாவின் முழங்காலுக்கு அடுத்த வாரம் ஊசி போடுகிறார்கள். வலி குறைந்ததும் மூன்று நாள் தங்குகிற மாதிரி போகப் போகிறோம். இந்த முறை டிக்கெட் என் பென்ஷனில். நீ லீவு மட்டும் போடு.

பினாங்கில் இருக்கும் பழைய மாணவர்கள், உறவினர்கள் யாராவது இதைப் படித்தால் ஓர் உதவி. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 1951 முதல் 1967 வரை இருந்த ஜவுளிக்கடைகளைப் பற்றித் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பூக்கார அம்மா சொன்னவர் தினம் ஏழு மணிக்குக் கோயிலுக்கு வருகிறாராம்.